கையெழுத்தைத் திரும்ப வாங்கியவள்

வெர்லீன் பிக்கெட் சிரித்தால் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான். சிகாகோவின் தெற்குப் பக்கம், எழுபத்தொன்பதாம் தெருவில் ஓடும் நகர பஸ்ஸை அவள் எத்தனையோ வருஷமாக ஓட்டிவந்தாள். உயரம், அகலம், குரல் எல்லாமே தாராளம். ‘ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்’ என்று அவள் தலைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கும். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு யாருக்குக் கல்யாணம், யாருக்கு விவாகரத்து, எந்தக் கடையில் கோழி பழசு என்று ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்ப்பாள். இறங்க வேண்டிய இடம் வந்தும் கதை முடியட்டும் என்று கூடவே வந்தவர்கள் உண்டு.

வீட்டு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது.

அவள் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் கறுப்பர் வாழும் தெருக்களுக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. வரைபடத்தில் அந்தத் தெருக்களைச் சுற்றிக் கோடு போட்டு ஒதுக்கி வைத்திருந்தார்கள். வீடு வேண்டுமென்றால் விற்கிறவனிடமே, அவன் சொன்ன விலைக்கு, மாதத் தவணையில் வாங்க வேண்டும். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் அவன் பெட்டியில்தான் இருக்கும். நடுவில் ஒரே ஒரு தவணை தவறினால் போதும், கட்டியதெல்லாம் போச்சு, வீடும் போச்சு. அவனோ அதே வீட்டை மறுவாரமே இன்னொரு ஏமாளிக்கு விற்பான். இப்படி ஒரு திருட்டைத் திருட்டு என்று சொல்லச் சட்டம் இல்லாமல் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெர்லீனின் அப்பாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் கால் முறிந்தது. அந்த மாதத் தவணை தவறியது. ஒரு பனிக்கால மத்தியானம் சாமான்களையெல்லாம் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டார்கள். ஒன்பது வயது வெர்லீன் வீட்டுப் பச்சை சோபாவில், பனி விழ விழ, உட்கார்ந்திருந்தாள். அம்மா கோரா வண்டி தேடி ஓடுவதற்கு முன் சொல்லிவிட்டுப் போனாள்: “சோபாவ விட்டு எறங்காதே. எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். நான் வர்ற வரைக்கும் எறங்காதே.” பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே போனார்கள். அவள் இறங்கவில்லை.

பிறகு சட்டங்கள் வந்தன. நிறத்தைப் பார்த்தோ பெண் என்று பார்த்தோ கடனை மறுக்கக் கூடாது என்று ஆனது. வெர்லீனும் அவள் கணவன் லெமுவலும் ஒரு செங்கல் வீட்டுக்கு வங்கியில் முறையான கடன் கேட்டார்கள். கிடைத்தது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் வெர்லீன் மேசைக்கு மேலாக எட்டி, வங்கி மேலாளரின் வழுக்கைத் தலையில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தாள். அந்த முத்தத்துக்காக லெமுவல் இன்றும் புகைந்துகொண்டிருக்கிறான். அம்மாவின் பச்சை சோபா அந்த வீட்டின் முன்னறைக்கு வந்து சேர்ந்தது. துணி இரண்டு மூன்று தடவை மாறி இப்போது மஞ்சள் பூப்போட்டு இருந்தாலும், உள்ளே இருக்கிற கட்டை அதே கட்டைதான்.

கடன் ஏறக்குறைய அடைந்துவிட்ட நேரத்தில் கூரை ஒழுக ஆரம்பித்தது. சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு பேசினை வைத்தார்கள். டிவி சத்தத்துக்கு நடுவே சொட்டு விழும் சத்தம் கேட்கும். பள்ளிக்கூடத்து பாய்லரைக் கவனித்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்ற லெமுவலுக்கு முட்டி தேய்ந்து போயிருந்தது. ஏணியைப் பார்த்தாலே அவன் உட்கார்ந்துவிடுவான்.

அப்போதுதான் அவர்கள் சர்ச்சுக்கு மார்செல் கேட்வுட் வந்து சேர்ந்தான். ஒட்டக நிறத்தில் நீளக் கோட்டு, பளபளக்கும் ஷூ. காணிக்கைத் தட்டில் எல்லோரும் பார்க்கிற மாதிரி நோட்டு வைப்பான். பாட எழுந்தால் சர்ச் மொத்தமும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும், அப்படி ஒரு குரல். ‘ஸில்வர் ஹார்பர்’ என்ற வீட்டுக் கடன் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில் என்பது, முதல் பாட்டிலேயே மயங்கிப்போன லெமுவலுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

“பழைய கடனை அடைச்சு, கூரையப் புதுசு பண்ணி, கையில கொஞ்சம் காசும் மிஞ்சும், பிரதர்,” என்றான் மார்செல், அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து வெர்லீன் செய்த எலுமிச்சை கேக்கில் மூன்றாவது துண்டை முடித்தபடி. “மாசத் தவணைகூட இப்பக் கட்டறதவிடக் கம்மிதான். ஆண்டவர் உங்களுக்காகவே என்னை இந்தத் தெருவுக்கு அனுப்பியிருக்கார்.”

“வட்டி ஏறாதில்ல?” என்றாள் வெர்லீன்.

“சிஸ்டர்! உங்ககிட்டயா?” நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். அதைப் பதில் என்று அவள் எடுத்துக்கொண்டாள், பாவம்.

ஜனவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. தலையணை உயரத்துக்குக் காகிதம். “இது சும்மா சம்பிரதாயம். இதுவும் சம்பிரதாயம். இங்க ஒண்ணு,” என்று மார்செல் புரட்டப் புரட்ட இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ‘மனம் மாறினால் மூன்று நாளுக்குள் ரத்து செய்யலாம்’ என்று ஒரு தாள் இருந்தது. எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. “இது எதுக்கு?” என்று வெர்லீன் கேட்டதற்கு, “கல்யாணத்தன்னைக்கே விவாகரத்துப் பேப்பர் எதுக்கு சிஸ்டர்?” என்று சிரித்து அதையும் புரட்டிவிட்டான். லெமுவல் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

திங்கட்கிழமை, கறுப்பர் உரிமைக்காகப் போராடிச் சுடப்பட்டு இறந்த கிங் ஐயாவின் பிறந்தநாள் கொண்டாட்டம். அன்றைக்கு நாடு முழுக்க விடுமுறை. வருஷா வருஷம் போல சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் காலை விருந்து நடந்தது. பொரித்த கெளுத்தி, வெண்ணெய் மிதக்கும் சோளக் கஞ்சி, தட்டுத் தட்டாக மெத்தென்ற பிஸ்கெட் ரொட்டி. மார்செல் மேடை ஏறி, விடுதலையைப் பற்றிக் கண்ணீர் வழிய ஒரு பாட்டுப் பாடினான். கெளுத்தியை வாயில் வைத்தபடியே ஊர் அழுதது. வெர்லீன் தன் பக்கத்தில் இருந்த சிஸ்டர் ஹாட்டியிடம் கடன் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னாள். ஹாட்டிக்கு வயசு அறுபது தாண்டிவிட்டது. பனிக்காலத்திலும் உடம்பு எரிகிறது என்று எந்நேரமும் விசிறிக்கொண்டே இருப்பாள்.

“என் அக்கா பையனும் இவன்கிட்டதான் வாங்கினான்,” என்றாள் ஹாட்டி, விசிறியை நிறுத்தாமல். “வட்டி ஏறலைதான். ரெண்டு வருஷம் ஏறலை. அதுக்கப்புறம் ஏறினது பாரு, அவன் இப்ப எங்க வீட்டு சோபாவுல தூங்கறான்.”

சோபா என்ற சொல்லைக் கேட்டதும் வெர்லீன் எழுந்துவிட்டாள். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். காகிதக் கட்டை எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். இரண்டு வருஷம் வட்டி நிலையாக இருக்கும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏறும். நகராட்சி வரி தவணைக்குள் அடங்காது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அதற்கும் அபராதம். இரண்டாம் வருஷம் முடிந்து வட்டி ஏறுகிற மாதத்துத் தவணையை லெமுவல் பென்ஷனோடும் தன் சம்பளத்தோடும் ஒட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. அவர்கள் நடுத்தெருவுக்கு வருவதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

“அவ்வளவு நல்லாப் பாடறவன் பொய் சொல்வானா வெர்லி?” என்றான் லெமுவல்.

“பாட்டுல பொய் சொல்லலை. கேக் தின்னுட்டுச் சொன்னான்.”

“நீ எப்பவும் பயந்தாங்கொள்ளி. எல்லாரும் உங்கம்மாவ ஏமாத்தின மாதிரியே ஏமாத்துவாங்களா?”

அன்று முழுக்க வீட்டில் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை பணிமனையிலிருந்து மார்செலுக்குப் போன் போட்டாள். “ரத்து பண்ணணும், பிரதர்.”

“அடடா, சிஸ்டர்,” என்றான் அவன், தேன் ஒழுக. “சனி, ஞாயிறு, திங்கள். மூணு நாள் நேத்தோட முடிஞ்சுதே! ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா நானே கூட நின்னு பண்ணித் தந்திருப்பேன். கவலைப்படாதீங்க, வியாழக்கிழமை பணம் வந்துடும்.”

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பஸ்ஸை எடுத்தாள்.

புதன்கிழமையும் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தார்கள். எழுபத்தொன்பதாம் தெரு பஸ் அப்படி அமைதியாகப் போய் யாரும் பார்த்ததில்லை. ஹாட்டி முன் சீட்டில் விசிறியோடு இருந்தாள். வழியில் மிஸ் ஒபாலின் ஸ்ட்ரீட்டர் ஏறினாள். இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் வக்கீல். ஆள் நாலரை அடிதான் இருப்பாள், தோளில் தொங்கும் பை அவளைவிடப் பெரிசு. குரலோ வெர்லீனின் குரலுக்குச் சளைத்ததில்லை.

“என்ன வெர்லீன்? பஸ் ரிப்பேரா, நீ ரிப்பேரா?”

“வீடு போச்சு, மிஸ் ஸ்ட்ரீட்டர்,” என்று வெர்லீன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “போன வெள்ளிக்கிழமை வீட்டு மேல கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன். படுகுழி. ரத்து பண்ண மூணு நாள் இருந்துச்சாம். அது திங்கக்கிழமையோட முடிஞ்சு போச்சு.”

“யார் சொன்னது?”

“கடன் வாங்கிக் குடுத்தவன்.”

மிஸ் ஸ்ட்ரீட்டர் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றாள். “ஞாயித்துக்கிழமை எங்க இருந்தே?”

“சர்ச்சுல.”

“ஞாயிறு கணக்குல வராது. திங்கக்கிழமை பஸ் ஓட்டினியா?”

“இல்ல. எனக்கு லீவு. கிங் ஐயா பிறந்தநாள்.”

“தபாலாபீஸ் திறந்திருந்துச்சா?”

“இல்ல.”

“பேங்க்?”

“இல்ல.”

“அப்ப அந்த மகராசன் மட்டும் எங்க வேலை பார்த்தான்?”

“எங்க சர்ச்சுலதான் நின்னு பாடிட்டு இருந்தான்!” என்று கத்தினாள் ஹாட்டி. “கிங் ஐயாவுக்காகக் கண்ணீர் விட்டான்! நான்தான் துடைச்சுக்கக் காகிதம் குடுத்தேன்!”

“கண்ணீரையும் விட்டுட்டு, அவர் பிறந்தநாளையும் முழுங்கப் பார்த்திருக்கான்!” மிஸ் ஸ்ட்ரீட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினாள். “அரசாங்க விடுமுறை கணக்குல வராதும்மா. சட்டம் அப்படித்தான். சனி ஒண்ணு, செவ்வாய் ரெண்டு, இன்னைக்குத்தான் மூணு. இன்னைக்கு ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் நீ போட்ட கையெழுத்தை நீயே திரும்ப வாங்கிக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேணாம்.”

கிளம்பியது பாருங்கள் பஸ்ஸில் ஒரு கூச்சல்! கடைசி சீட்டில் ஒருவன் விசிலடித்தான். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் யாரென்றே தெரியாமல் கட்டிக்கொண்டார்கள். வெர்லீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளையாக எதிரே சிவப்பு விளக்கு எரிந்தது.

“அந்த ரத்துத் தாள்ல தேதியே போடலையே, மிஸ்!”

“அதுக்கும் தனியா சட்டம் இருக்கு. ஆனா அதுக்குக் கோர்ட்டு, கேஸுன்னு அலையணும். இன்னைக்கே பண்ணிட்டா ஒரு அலைச்சலும் இல்ல. தாள் எங்க?”

“வீட்டுல, பேசினுக்குப் பக்கத்துல. நேத்து பேசின் வழிஞ்சிருச்சு.”

“அப்ப அது கூழாயிருக்கும். போகட்டும். எந்தத் தாளா இருந்தாலும் சரி. எழுத்துல இருக்கணும், கையெழுத்து இருக்கணும், இன்னைக்கே தபால்ல சேரணும். லெமுவல் கையெழுத்தும் வேணாம். வீட்டுக்கு உரிமை உள்ளவங்கள்ல ஒருத்தர் வேணாம்னு சொன்னாலே மொத்தமும் ரத்து.”

“புருஷன் கையெழுத்து வேணாமா?” என்றது நடுவிலிருந்து ஒரு பெண்குரல்.

“வேணாம்.”

பஸ்ஸிலிருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து கை தட்டினார்கள். ஆண்களில் சிலர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்கள்.

பிறகு தாள் வேட்டை. லாட்டரிச் சீட்டு வந்தது, சூயிங்கம் சுற்றிய காகிதம் வந்தது, எண்ணெய் கசிந்த கோழிக்கடைப் பை வந்தது. வக்கீல் பையில் மலை மாதிரி தாள், ஆனால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வழக்கு. கடைசியில் ஹாட்டி தன் விசிறியை நீட்டினாள். சவ அடக்கம் செய்யும் கம்பெனி ஒன்று சர்ச்சுக்கு இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறி. முன்பக்கம் கிங் ஐயாவின் படம். பின்பக்கம் ‘உங்கள் கடைசிப் பயணத்தில் உடனிருப்போம்’ என்ற வரியும், அதன் கீழே தாராளமாக வெற்றிடமும்.

“இதுல எழுதினா செல்லுமா, மிஸ்?”

மிஸ் ஸ்ட்ரீட்டர் விசிறியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. “இதைவிட எது செல்லும்?”

தபாலாபீஸ் அவர்கள் போகிற வழியிலேயே இருந்தது. வெர்லீன் அதன் வாசலில் பஸ்ஸை ஓரங்கட்டினாள். ஸ்டியரிங் மேல் விசிறியை வைத்து, வக்கீல் சொல்லச் சொல்ல எழுதினாள். பெயர், விலாசம், தேதி, கடன் வாங்கிய கம்பெனியின் பெயர். ‘இந்தக் கடனை நான் ரத்து செய்கிறேன்.’ பெயரின் கடைசி எழுத்தை மட்டும் அழுத்திப் போட்டாள்.

அதற்குள் பணிமனையிலிருந்து ரேடியோ கரகரத்தது. “நீங்க ஏன் நின்னுட்டு இருக்கீங்க?”

“பஸ்ஸுல ஒரு அவசரம்.”

“யாருக்கு? பயணிக்கா?”

“டிரைவருக்கு!” என்று மொத்த பஸ்ஸும் பதில் சொன்னது.

ரேடியோ கொஞ்ச நேரம் யோசித்தது. “சீக்கிரம் வாங்க,” என்றது.

தபாலாபீஸில் வரிசை கதவுவரை வந்திருந்தது. வெர்லீனுக்குப் பின்னால் பாதி பஸ்ஸே இறங்கி வந்தது. “வழி விடுங்க! வீட்டைக் காப்பாத்தப் போறோம்!” என்று ஹாட்டி முழங்கியதும் வரிசையில் நின்றவர்கள், என்ன ஏது என்று கேட்காமலே, சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். எல்லோருக்கும் எங்கேயோ ஒரு வீடு இருந்தது, அல்லது இருந்து போனது.

கவுண்டரில் இருந்தவர் விசிறியைத் தூக்கிப் பார்த்தார். “என்னது இது?”

“கடிதம்,” என்றாள் வெர்லீன்.

“இதுக்குக் கைப்பிடி இருக்கே.”

“கைப்பிடி வச்ச கடிதம்.”

“உறைக்குள்ள போகாது. மடிக்கணும்.”

“கிங் ஐயா முகத்தையா?” என்று பின்னாலிருந்து ஏழெட்டுக் குரல் ஒரே நேரத்தில் சீறியது. கவுண்டர்காரர் எழுந்து உள்ளே போய், தேடித் தேடி ஒரு பெரிய உறை கொண்டுவந்தார். கைப்பிடிக் குச்சியைப் பக்குவமாகக் கழற்றி ஹாட்டியிடம் கொடுத்தார். செலவை பஸ்ஸே சில்லறையாகப் போட்டது. முத்திரை குத்தும்போது அவர் ஓங்கிக் குத்தினார். பதிவுத் தபால் ரசீதை வெர்லீன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் பின்னால் வந்த அடுத்த பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் ஹார்னை அழுத்திக்கொண்டே, “என்னடி பண்றே?” என்று கத்தினான். “கையெழுத்தைத் திரும்ப வாங்கிட்டு வர்றேன்!” என்று கத்திவிட்டு வெர்லீன் வண்டியை எடுத்தாள். அப்போது வந்தது அந்தச் சிரிப்பு. இரண்டு நாளாக அடைத்துக் கிடந்தது மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பியதில் அவளுக்குக் கண்ணில் நீர் கட்டி, துடைப்பானை ஓடவிட்டாள். பிறகுதான் நனைந்தது கண்ணாடி இல்லை என்று தெரிந்தது.

வீட்டில் லெமுவலிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். வாசலில் நுழைந்ததும் ஒத்திகை மறந்து போய், “ரத்து பண்ணிட்டேன்,” என்று சொல்லிவிட்டாள்.

அவன் பேசினைக் காலி செய்துகொண்டிருந்தான். நிமிரவில்லை. “எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டியா?”

“இல்ல. ஒருத்தர் போட்டாப் போதுமாம்.”

“சட்டம் எழுதினவனுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் ஆகியிருக்கணும்,” என்றான். பேசினைச் சொட்டுக்கு நேராக வைத்தான். “உங்கம்மாவ இழுத்து அன்னைக்கு நான் பேசினது தப்பு, வெர்லி,” என்றான். அவள் போய் அவன் தலையில், வங்கி மேலாளருக்குக் கொடுத்ததைவிடச் சத்தமாக, ஒரு முத்தம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மார்செலிடமிருந்து போன் வந்தது. தேன் வற்றிப் போயிருந்தது. “விசிறியா, சிஸ்டர்? கம்பெனிக்கு யாராவது விசிறி அனுப்புவாங்களா?”

“திருப்பிப் பாத்தியா, பிரதர்?”

“பாத்தேன்.”

“யாரு இருக்காரு?”

“கிங் ஐயா.”

“அவருக்கு எந்தக் கிழமை பிறந்தநாள் கொண்டாடினோம்னு அவர்கிட்டயே கேளு,” என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறிலிருந்து மார்செல் வேறு ஏதோ ஒரு சர்ச்சில் பாடப் போய்விட்டான். பாடகர் குழுவில் ஒரு குரல் குறைந்ததற்காக லெமுவல் கொஞ்ச நாள் உள்ளூர வருந்தினான். கம்பெனி, வாங்கிய கட்டணத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்து, வீட்டின் மேல் போட்டிருந்த அடமானப் பிடியை எடுத்துவிட்டதாக எழுதி அனுப்பியது.

கூரைக்கு மிஸ் ஸ்ட்ரீட்டர் வழி சொன்னாள். ஊழியர்கள் சேர்ந்து நடத்தும் கடன் சங்கத்தில் ஒரு சின்னக் கடன். வட்டி ஏறாது, முன்னால் அடைத்தால் அபராதம் கிடையாது. அங்கிருந்த பெண்ணைக் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு தாளையும் வாய்விட்டுப் படிக்க வைத்தாள் வெர்லீன். படித்துப் படித்து அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டியது. வெர்லீன் எலுமிச்சை கேக் கொண்டு போயிருந்தாள். ஆனால் கடைசித் தாள் முடியும்வரை டப்பாவைத் திறக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கூரையைப் பிரித்தார்கள். தூசி விழும் என்று முன்னறைச் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்தார்கள். டிவி, விளக்கு, மேசை. கடைசியாக சோபாவை நடைபாதையில் கொண்டுவந்து வைத்தார்கள். வேலையாட்கள் உள்ளே போனதும் வெர்லீன் அதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். நடைபாதை, வெயில், நடுவில் அம்மாவின் சோபா. கால் தானாக நடக்க, போய் அதில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தத் தெருவில் ஆறு மாதத்துக்குள் இரண்டு வீட்டுச் சாமான்கள் இதே மாதிரி வெளியே வந்திருந்தன. எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகியது. “வெர்லீனையும் வெளிய போட்டுட்டாங்க!” என்று ஒரு குரல். கதவு கதவாகத் திறந்தது. ஒருத்தி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். ஒருவன் பாதி சவரம் செய்த முகத்தோடு வந்து, “எந்த அதிகாரி? எங்க அவன்?” என்று சட்டையை மடித்துவிட்டான். ஹாட்டி இரண்டு தெரு தள்ளி இருந்து, புது விசிறியும் ஒரு கோழிக் குழம்புச் சட்டியுமாக, மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். “என் வீட்டுக்கு வந்துடுடி! அக்கா பையனை எழுப்பி விட்டுடறேன்! சோபா உனக்கு!”

“கூரை!” வெர்லீனுக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. மேலே கையைக் காட்டினாள். “கூரை போடறோம்!”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே சுத்தியலோடு நின்றவன் கையசைத்தான். பிறகு அந்தத் தெருவில் எழுந்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. கோழிக் குழம்பு வந்துவிட்டது, யாரோ ரொட்டி கொண்டுவந்தார்கள், நடைபாதை மேசையிலேயே சீட்டாட்டம் ஆரம்பித்தது. வெர்லீன் மட்டும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. குழம்புகூட அங்கேயே வந்தது. அம்மா இருந்திருந்தால் இன்றைக்கு இந்த வெயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளே என்று ஒரு தடவை நினைத்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, சோபாவின் கையைத் தடவிக்கொடுத்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து சாமான்கள் உள்ளே போயின. நாலு பேர் சோபாவின் நாலு முனையையும் பிடித்தார்கள்.

“எறங்கு வெர்லி,” என்றான் லெமுவல், தேய்ந்த முட்டியோடு ஒரு முனையில் குனிந்தபடி.

“மாட்டேன்.”

“முட்டி போயிடும்டி!”

“அம்மா எறங்காதேன்னு சொல்லியிருக்கா.”

லெமுவல் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை நன்றாக உள்ளே கொடுத்துப் பிடித்துக்கொண்டு, “தூக்குங்கப்பா,” என்றான். இன்னும் நாலு பேர் வந்து கை கொடுத்தார்கள். தெரு மொத்தமும் ஓவென்று கத்த, வெர்லீன் பிக்கெட் மஞ்சள் பூப்போட்ட சோபாவில் அமர்ந்தபடி படியேறினாள். கதவருகே ஒரு தடவை சிக்கியது. சாய்த்துப் பிடித்து, உள்ளே கொண்டுபோய், பேசின் இருந்த இடத்தில் இறக்கி வைத்தார்கள்.